நாற்காலியில் யார் உட்காரலாம்? அரசியலில் பிறப்புப் பாகுபாடும் நம் வாக்கின் பொறுப்பும்

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் எடுக்கப்பட்ட ஒரு படம் 2020 அக்டோபரில் தமிழகம் முழுவதும் பரவியது. ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவி தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது; ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று தேசியக் கொடி ஏற்றுவதற்கு ஊராட்சித் தலைவிக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. செய்தி வெளியான பிறகு, மாவட்ட நிர்வாகம் தலையிட்டு அவரையே கொடியேற்ற வைத்தது.

நம் மரக்காணம் கடற்கரைக்கு இவை தூரத்துச் செய்திகள் அல்ல. புதுச்சேரியைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். வடக்கே போனால் சென்னைக்கு அப்பால் திருவள்ளூர். 2013 ஏப்ரல் 25 அன்று நம் மரக்காணத்திலேயே சாதி வன்முறையில் வீடுகள் எரிந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வெளிநாடுகளில் நிறத்தை வைத்து நடக்கும் பாகுபாட்டை நாம் இனவெறி என்கிறோம். நம் ஊரில் நடப்பதைச் சாதி என்று சொல்லி வேறு கணக்கில் எழுதிவிடுகிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஒருவன் எங்கே பிறந்தான் என்பதை வைத்து அவன் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது. 1965இல் ஐ.நா. சபை ஏற்ற இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையே நிறம், இனம் ஆகியவற்றோடு வம்சாவளியையும் சேர்த்துத்தான் பாகுபாட்டை வரையறுக்கிறது. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் இதில் சேர்க்க வேண்டுமா என்ற விவாதம் பெரிதாக எழுந்தது. இந்திய அரசு அதை எதிர்த்தது.

இந்த நோய்க்கு மருந்தாக உலகம் முழுவதும் சொல்லப்படுவது ஒன்று உண்டு: ஒதுக்கப்பட்ட மக்களிலிருந்து தலைவர்களைத் தேர்ந்தெடுங்கள் என்பது. அந்த மருந்து நம் மண்ணில் எப்படி வேலை செய்தது, எங்கே வேலை செய்யவில்லை, அதில் முஸ்லிம் குடும்பங்களின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரை சுருக்கமாகப் பார்க்கிறது.

குடவோலையில் யார் பெயர் இருந்தது?

பிரம்மதேசம் என்ற ஊர்ப்பெயர் தமிழகத்தில் பல இடங்களில் உண்டு. சோழர் காலத்தில் பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட 'பிரம்மதேயம்' என்ற ஊர்முறையை இப்பெயர் நினைவூட்டுகிறது. அத்தகைய ஊர்களைச் சபைகள் நிர்வகித்தன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையை விரிவாகச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது என்பது போன்ற, இன்றைக்கும் பயன்படும் விதிகள் அதில் உள்ளன.

ஆனால் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கே தகுதி வேண்டும். வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35 முதல் 70 வரை வயது. நிலத்தில் இறங்கி உழுதவருக்கும், உப்பு வாரியவருக்கும், பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. தேர்தல் இருந்தது, எல்லோருக்குமான தேர்தலாக அது இல்லை. விதிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், யாருடைய பெயர் ஓலையில் ஏறலாம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாவிட்டால் அது சிலரின் ஆட்சிதான். பெருமைப்படும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஒருவர் உள்ளே போனதால் என்ன மாறியது?

நம் பகுதிக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கம் உள்ள கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1923இல் சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்கு அவர் வந்தார். மறு ஆண்டே, பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்கள் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது நிறைவேறி அரசாணையாகவும் ஆனது. அந்த அவையில் அதற்கு முன்பும் நல்ல மனம் கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தெருவில் நடக்க முடியாத வலியை அறிந்தவர் உள்ளே வந்த பிறகுதான் தெரு அவையின் பேச்சாக மாறியது. பிரதிநிதித்துவத்தின் முதல் பயன் இதுதான்.

1930, 31ஆம் ஆண்டுகளில் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாகக் கலந்துகொண்டனர். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அம்மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை அறிவித்தது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனி வாக்காளர் முறை கைவிடப்பட்டு, மாகாண அவைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. வேட்பாளர் ஒடுக்கப்பட்டவர், வாக்களிப்பவர் எல்லோரும். இன்றைய 'தனித்தொகுதி' இந்த ஏற்பாட்டின் வாரிசுதான்.

மேலவளவும் பாப்பாபட்டியும்

1992இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளிலும் இடஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. சட்டமன்றத்தில் ஒருவர் அமர்வதைப் பொறுத்துக்கொண்டவர்கள், சொந்த ஊர் ஊராட்சி அலுவலகத்தில் அவர் அமர்வதைப் பொறுக்கவில்லை.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களுக்கு நடுவே 1996 இறுதியில் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, பேருந்தில் வந்துகொண்டிருந்த அவரும் உடனிருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு நாற்காலிக்காக ஆறு உயிர்கள்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் வேறு வழி கையாளப்பட்டது. வேட்புமனுவே தாக்கல் ஆகாது. ஆனாலும் ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்வார். 1996 முதல் பத்தாண்டுகள் இதே கதை. 2006 அக்டோபரில் மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் தொடர்ந்து ஊர் மக்களோடு பேசி, நான்கு ஊர்களிலும் தேர்தலை நடத்திக் காட்டின. நவம்பரில் சென்னையில் அத்தலைவர்களுக்குச் 'சமத்துவப் பெருவிழா' நடத்தப்பட்டது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபைக்கே சென்று அமர்ந்தார்.

சட்டம் பிறந்தவுடன் சமத்துவம் பிறந்துவிடவில்லை. பத்தாண்டுப் பிடிவாதம் தேவைப்பட்டது. ஆனால் சட்டம் இல்லாதிருந்தால் அந்தப் பிடிவாதத்துக்கு ஊன்றுகோலே இருந்திருக்காது.

சட்டம் என்ன தருகிறது?

அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகள் இவை:

• நாடாளுமன்ற மக்களவையில் 543 இடங்களில் 84 பட்டியல் சாதியினருக்கும் 47 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. தமிழகத்தின் 39 தொகுதிகளில் 7 தனித்தொகுதிகள்; விழுப்புரம் அவற்றில் ஒன்று.

• தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் உரியவை. மரக்காணம் அடங்கிய திண்டிவனமும், அடுத்துள்ள வானூரும் தனித்தொகுதிகள்.

• ஊராட்சிகளில் மக்கள்தொகை விகிதப்படி, சுழற்சி முறையில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடங்கள் உண்டு. பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு. 2016இல் தமிழகம் அதைச் சரிபாதியாக உயர்த்தியது.

• பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை வேட்புமனு தாக்கல் செய்ய விடாமல் தடுப்பதும், தேர்வானவரைப் பணி செய்ய விடாமல் தடுப்பதும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத் தெளிவாக எழுதியுள்ளது.

• முஸ்லிம்களுக்குச் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ ஊராட்சியிலோ ஒதுக்கீடு எதுவும் இல்லை. தமிழகத்தில் 2007 முதல் கிடைக்கும் 3.5 விழுக்காடு கல்விக்கும் அரசு வேலைக்கும் மட்டுமே.

நாம் எங்கே நிற்கிறோம்?

1909 மின்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் முறையைத் தந்தது. விடுதலைக்குப் பின் அது முடிவுக்கு வந்தது. முதலில் பொது வாக்காளர் முறையில் சிறுபான்மையினருக்கு இட ஒதுக்கீடு என்று முடிவாகியிருந்தது. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபை அதையும் நீக்கியது. சென்னை மாகாணத்தின் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் இதை எதிர்த்து வாதாடினார். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்கள் ஒதுக்கீடு வேண்டாம் என்றனர். பெரும்பான்மைச் சமூகத்தின் நல்லெண்ணத்தை நம்பலாம் என்பது அவர்கள் நிலை. யார் சரி என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. 234 இடங்களில் இந்த விகிதத்துக்குச் சுமார் 14 இடங்கள் வர வேண்டும். 2021 தேர்தலில் அதை எட்டவில்லை.

இதில் நம் பகுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். இஸ்லாத்தையும் கிறித்தவத்தையும் தழுவிய அதே மக்களுக்கு அத்தகுதி இல்லை. எனவே தனித்தொகுதியில் ஒரு முஸ்லிம் நிற்க முடியாது. (பழங்குடித் தகுதிக்கு மதத் தடை கிடையாது.) இந்த வேறுபாட்டை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் சில தொகுதிகள் தனித்தொகுதிகளாக இருப்பதை 2006இல் சச்சார் குழு சுட்டிக்காட்டி, மறுவரையறையில் இதைச் சீராக்கச் சொன்னது.

இந்தக் கோரிக்கைகள் நியாயமானவை. சட்ட வழியில் தொடர வேண்டியவை. ஆனால் இதைக் காரணம் காட்டி, "இது அவர்கள் தொகுதி, நமக்கென்ன" என்று ஒதுங்குவதோ, தனித்தொகுதியை நமக்கு நேர்ந்த இழப்பாகப் பேசுவதோ சரியல்ல. விழுப்புரம் மாவட்ட மக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பட்டியல் சாதியினர். நூற்றாண்டுகளாக அவர்களுக்கு மறுக்கப்பட்டதில் ஒரு சிறு பகுதிதான் திருப்பித் தரப்பட்டிருக்கிறது. தனித்தொகுதியில் வெற்றியைத் தீர்மானிப்பது எல்லாச் சமூகத்தின் வாக்கும்தான். அங்கே முஸ்லிம் வாக்குக்கு இரட்டிப்புப் பொறுப்பு உண்டு: கைகட்டி நிற்பவரையா, தன் மக்களுக்காக வாய் திறப்பவரையா அனுப்புகிறோம் என்பதில் நமக்கும் பங்கிருக்கிறது.

மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2021இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி நாகப்பட்டினம் பொதுத்தொகுதியில் ஆளூர் ஷாநவாஸை நிறுத்தி வெற்றி பெற வைத்தது. தலித் மக்கள் தலைமையிலான கட்சி தனக்குக் கிடைத்த குறைந்த இடங்களில் ஒன்றை ஒரு முஸ்லிமுக்குத் தந்தது. 2001 இடைத்தேர்தலில் திருச்சிராப்பள்ளி பொதுத்தொகுதியில் தலித் எழில்மலையை அதிமுக நிறுத்தியது. மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சிகள் வாய்ப்புக் கொடுத்தால் வாக்காளர்கள் ஏற்கவே மாட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. தடை பெரும்பாலும் வேட்பாளர் பட்டியல் தயாராகும் அறையிலேயே தொடங்குகிறது.

உலகம் கற்றுத்தருவது

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1965க்கு முன் வாக்காளராகப் பதிவான கறுப்பின மக்கள் சுமார் 7 விழுக்காடு. அவ்வாண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967க்குள் அது சுமார் 60 விழுக்காடானது. ஆனால் அந்த மாநிலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டில் ஒரு கறுப்பினத்தவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானது 1986இல்தான். பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் பதவி தானாக வந்துவிடாது. தொகுதி எல்லைகள் எப்படி வரையப்படுகின்றன என்பதும் கணக்கில் உண்டு.

தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூர் வேறு வழியை எடுத்தது. 1988 முதல் குழுத் தொகுதிகளில் நிற்கும் ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். 2017இல் அதிபர் தேர்தல் மலாய் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. இந்திய முஸ்லிம் தந்தைக்குப் பிறந்த ஹலீமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார். வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாமல் போனதே என்று பலர் குறைப்பட்டனர். 2023இல் ஒதுக்கீடு இல்லாத தேர்தலில், தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். பெரும்பான்மைச் சீன மக்கள்தான் அவருக்கு அதிகம் வாக்களித்திருக்க முடியும். திறமையை மக்கள் நேரில் பார்த்துப் பழகிய பிறகு பிறப்பு பின்னுக்குப் போகிறது.

முகம் மட்டும் போதுமா?

போதாது. ஒபாமா அதிபரானதால் அமெரிக்காவில் இனவெறி ஒழியவில்லை. நம் ஊரில் மனைவி தலைவி, கணவர் நிர்வாகி என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. தலைவர் ஒருவர், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆள்பவர் இன்னொருவர். ஊராட்சிக் காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு தலைவரைச் செயல்பட விடாமல் முடக்குவதும் உண்டு. பதவியை ஏலம் விட்டு, கிடைக்கும் பணத்தை ஊர்ப் பொதுக் காரியத்துக்கு என்று சொல்லி நியாயம் கற்பிப்பவர்களும் உண்டு. ஏலத்தில் ஏழைக்கு இடமே இல்லை.

அதேபோல, நம் சமுதாயத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தகுதியற்றவருக்கு வாக்களிப்பதும் பிறப்பைப் பார்த்துத் தீர்மானிப்பதுதான். திருக்குர்ஆன் 4:58 அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கக் கட்டளையிடுகிறது. வாக்கு ஓர் அமானிதம், ஒரு சாட்சியம் என்று ஆலிம்கள் விளக்குவது இதனால்தான். தகுதி முதலில், அதே நேரம், தகுதியுள்ளவர் பிறப்பின் காரணமாக ஒதுக்கப்படாமல் இருப்பதை உறுதிசெய்வதும் அந்த அமானிதத்தில் அடங்கும்.

உஸாமா (ரலி) அவர்களின் நியமனம்

நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நாட்களில் ஷாம் எல்லைக்குப் புறப்பட்ட படைக்கு உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். இருபது வயதையொட்டிய இளைஞர். தந்தை விடுதலை பெற்ற அடிமை. தாய் உம்மு அய்மன் (ரலி) அபிசீனியப் பெண்மணி. மூத்த முஹாஜிர்களும் அன்சாரிகளும் அந்தப் படையில் இருந்தார்கள். சிலர் முணுமுணுத்தபோது, முன்பு இவருடைய தந்தையின் தலைமையையும் இப்படித்தான் குறை சொன்னீர்கள், அவரும் தகுதியானவர், இவரும் தகுதியானவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின்பும் அந்த நியமனத்தை மாற்றவில்லை. ஆட்சேபம் எழுந்தது, பதில் சொல்லப்பட்டது, நியமனம் நின்றது. மனங்கள் மாறட்டும், பிறகு பதவி தரலாம் என்று காத்திருக்கவில்லை.

இதை மிம்பரில் சொல்லும் நாம் மஹல்லாவில் என்ன செய்கிறோம்? தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம். ஆனால் ஜமாஅத் நிர்வாகப் பட்டியலில் ஒரே சில குடும்பங்களின் பெயர்கள் மாறி மாறி வருகின்றன. முடிதிருத்தும் தொழில் செய்துவந்த குடும்பத்துப் பிள்ளை பட்டதாரி ஆனாலும் செயலாளர் பதவிக்கு அவன் பெயரை யாரும் முன்மொழிவதில்லை. புதிதாக இஸ்லாத்தை ஏற்றவரின் வீட்டில் சம்பந்தம் பேசத் தயங்குகிறோம். எல்லா ஊரும் இப்படி என்று சொல்ல முடியாது. எந்த ஊரிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. வெளியே நமக்கு உரிய பங்கு வேண்டும் என்று கேட்கும் நாவுக்கு, உள்ளே அதைத் தரும் கையும் வேண்டும்.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

நம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த தேர்தலை மனதில் வைத்துச் சில காரியங்கள்:

• வீட்டில் 18 வயது நிறைந்த ஆண், பெண் அனைவரின் பெயரும் வாக்காளர் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். திருமணமாகி வந்த மருமகள்களின் பெயர் பல வீடுகளில் விடுபட்டிருக்கும்.

• ஊராட்சித் தேர்தலில் நான்கு வாக்குகள் உண்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். முதல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாதவை. அங்கே ஆளைப் பார்த்துத்தான் வாக்களிக்க வேண்டும்.

• பொது வார்டிலும் பெண்கள் பொது வார்டிலும் முஸ்லிம்கள் நிற்கலாம். படித்த நம் பெண்களை நிற்கச் சொல்லுங்கள். ஜெயித்த பின் கூட்டத்துக்கு அவர்களையே போகவும் விடுங்கள்.

• தனி ஊராட்சியில் நிற்கும் பட்டியல் சாதி வேட்பாளரை மஹல்லாவுக்கு அழைத்து, குடிநீர், கப்ருஸ்தான் பாதை, உப்பளத் தொழிலாளர்களின் மழைக்கால வருமானம் ஆகியவற்றில் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். அழைக்கும்போது நாற்காலி போடுங்கள்.

• பதவி ஏலத்துக்கும் வாக்குக்குத் தரும் பணத்துக்கும் ஜமாஅத்தின் பெயரைத் தராதீர்கள்.

• ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தலைவர் நடுவில் அமர்ந்திருக்கிறாரா, கொடியை அவர்தான் ஏற்றுகிறாரா என்பதைப் பார்க்கும் கண்களாக நாமும் அங்கே இருக்க வேண்டும். இல்லையெனில், மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள்.

• ஜமாஅத் நிர்வாகத் தேர்தலில், இதுவரை பெயர் வராத குடும்பத்திலிருந்து தகுதியான ஒருவரை முன்மொழியுங்கள். செலவில்லாத காரியம், ஆனால் கடினமானது இதுதான்.

மனிதர்களைச் சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று சூரத்துல் ஹுஜுராத் 13ஆம் வசனம் கூறுகிறது. அறிந்துகொள்வதற்கு ஒரே அவையில் அமர வேண்டும். அதற்கான வாய்ப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசியல் சட்டம் நம் கையில் தருகிறது. அந்த அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக.